ரத்தம் ஏற்றுக்கொள்ளும் பொருள்

மகாதமனியின் வாயிலில் இருக்கும் வால்வின் இதழ் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்த மெல்லிய திசுவுக்குள் மூன்று அடுக்குகள் தனித்தனியே அமைந்திருப்பது தெரியும். தமனியை நோக்கிய அடுக்கு கொலாஜன் நார்களால் நெருங்க நெய்யப்பட்டு, பாரத்தைத் தாங்குவதற்கென்றே ஏற்பட்டிருக்கிறது. இருதயத்தை நோக்கிய அடுக்கில் எலாஸ்டின் என்னும் நெகிழ்நார் மிகுந்திருப்பதால், விரிந்த இதழ் மறுகணமே தன் பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நீரை ஏராளமாகப் பிடித்துவைத்திருக்கும் மெத்தென்ற பகுதி, மேலும் கீழும் உள்ளவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர இடங்கொடுக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவையும், வருஷத்துக்கு ஏறக்குறைய நான்கு கோடி தடவையும் திறந்து மூடும் இவ்விதழ் எழுபது எண்பது வருஷம் நைந்துபோகாமல் இருக்கிறதென்றால், அதனுள் குடியிருக்கும் செல்கள் தேய்ந்த நாரைக் களைந்து புது நாரை இடையறாது நெய்துகொண்டே இருப்பதுதான் அதற்கு முக்கியமான காரணம். கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க முற்பட்ட மனிதன், கடந்த எழுபது வருஷங்களாக இந்தச் செல்களின் வேலைக்கு ஈடு தேடித்தான் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

வால்வின் உருவத்தைக் கற்பனை செய்வது கடினமான காரியம் அல்ல. கொல்லன் துருத்தியில் தைத்திருக்கும் தோல் மடல், காற்றை உள்ளே விட்டு, வந்த வழியே திரும்பாமல் அடைப்பதைக் கண்டவர் எவருக்கும் அதன் தத்துவம் விளங்கிவிடும். எதனால் செய்வது என்பதில்தான் இடர்ப்பாடு எல்லாம் இருக்கிறது. 1952ஆம் வருஷம் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையில் சார்லஸ் ஹஃப்னகல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் கடைந்த குழல் ஒன்றுக்குள் ஒரு பந்தை அடைத்து, அதை மகாதமனியில், மார்பின் வழியே கீழ்நோக்கி இறங்கும் பகுதியில் பொருத்தினார். இருதயத்தை நிறுத்திவைத்து அதன் உள்ளே வேலை செய்வதற்கு வேண்டிய யந்திரம் அப்போது இன்னும் கைகூடவில்லை. பந்து குழலில் மோதும் ஓசை நோயாளிக்கு மாத்திரமன்றி அருகில் இருப்பவர்களுக்கும் கேட்டதாம். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற நிபுணரும், நீர்விசைப் பொறியியலில் தேர்ந்து ஓய்வுபெற்றிருந்த லோவல் எட்வர்ட்ஸும் சேர்ந்து, உலோகக் கூண்டுக்குள் சிலிக்கோன் ரப்பர்ப் பந்தை வைத்துச் செய்த வால்வு, இருதயத்துக்குள்ளேயே இயற்கை வால்வின் ஸ்தானத்தில் அமர்ந்து நோயாளிகளை வருஷக்கணக்கில் வாழவைத்தது. ஆனால் சில வருஷங்கள் சென்றபின் சிலருடைய பந்துகள் உப்பி, மஞ்சள் பூத்து, வெடித்திருக்கக் கண்டார்கள். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புப் பொருள்களைச் சிலிக்கோன் மெல்ல மெல்ல உறிஞ்சியிருந்தது. ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றி அக்குறையை நிவர்த்தித்தார்கள் என்றாலும், பரிசோதனைச் சாலையில் எத்தனை நாள் நீரில் அடித்துப் பார்த்தாலும் தெரியாத ஒரு குணத்தை ரத்தம் வெளிப்படுத்திவிட்டது என்பதை அத்துறையினர் அதன்பின் ஒருபோதும் மறக்கவில்லை.

இன்னொரு தொல்லை உறைதல். ரத்தம் தன்னுடையதல்லாத எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே கட்டி உண்டாக்க முயலும். அந்தக் கட்டி வால்வின் அசைவைத் தடுக்கலாம், அல்லது பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். அணு உலையின் எரிபொருள் துகள்களுக்கு மேற்பூச்சாகப் பயன்பட்டுவந்த ஒருவகைக் கரி, ரத்தத்தோடு அனேகமாகச் சச்சரவின்றி இருக்கும் என்பதை ஜாக் பாக்ரோஸ் என்ற, பொருள்களின் இயல்பை ஆராயும் விஞ்ஞானியும் வின்சென்ட் காட் என்ற மருத்துவரும் அறுபதுகளில் கண்டுபிடித்தார்கள். 1977இல் மின்னசோட்டாவில் முதல்முதல் பொருத்தப்பட்ட இரட்டைத் தகட்டு வால்வு இந்தக் கரியால் ஆனதுதான்; இன்றளவும் உலகத்தில் மிகுதியாகப் பொருத்தப்படும் யந்திர வால்வு அந்த மாதிரியைச் சேர்ந்தது.

இவையெல்லாம் தூரதேசத்து விஷயங்கள் என்று எண்ணி விட்டுவிடுவதற்கில்லை. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய சில வாரங்களுக்குப்பின், அதை எதிர்க்கப் புறப்பட்ட பாதுகாப்புச் சக்தி, கிருமியின் சாயல் சொந்த இருதயத் திசுவிலும் தென்படுவதால் அதையே தாக்க ஆரம்பிக்கிறது. ருமாட்டிக் ஜுரம் என்னும் இந்த வியாதி, நெருக்கமான வீடுகளில் வளரும் ஏழைக் குழந்தைகளையே பெரும்பாலும் தேடி வருகிறது. பத்து வயதில் மூட்டு வலியாக வந்து போனது, இருபது வயதில் மாடி ஏறினால் மூச்சிரைக்கும் நிலையில் மறுபடி தலைகாட்டுகிறது. அதற்குள் இருதயத்தின் இடப்பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறு பிளவாகக் குறுகியிருக்கும். உலகத்தில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதனால் அவதிப்படுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் நம் தேசத்தார். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, ஜுரம் திரும்ப வராமல் காத்து வால்வை மேலும் கெடாமல் தடுக்கும். அதைத் தவறாமல் போடச் செய்வது எந்தச் செயற்கை வால்வையும் விட மேலானது என்பதில் சந்தேகமே இல்லை.

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தை வளர்த்தெடுத்த எம்.எஸ்.வலியத்தான், அமெரிக்காவில் ஹஃப்னகலிடமும் காட்டிடமும் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். வெளிநாட்டு வால்வின் விலையைக் கொடுக்க முடியாமல் நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராய்த் திரும்பிப்போவதைக் கண்ட அவர், ஜி.எஸ்.புவனேஸ்வர் முதலான பொறியியல் நிபுணர்களைத் துணைகொண்டு இந்நாட்டிலேயே ஒன்றைச் செய்ய முற்பட்டார். சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு. அதைப் பிடித்து நிறுத்த இரண்டு சிறு தண்டுகள் கொண்ட உலோக வளையம். வளையத்தைச் சுற்றி, இருதயத் திசுவோடு வைத்துத் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணிப்பட்டை: உருவம் இவ்வளவுதான். உருவத்தில் பெரிய மாறுதல் ஒன்றும் இன்றி, பொருளை மாற்றி மாற்றியே பத்து வருஷத்துக்கு மேல் கழிந்தது.

அந்தத் தோல்விகளின் வரிசையைக் கவனித்தால் பொருள்களின் இயல்பைப் பற்றிய சாஸ்திரத்தின் ஒரு பாகத்தையே கற்றுக்கொள்ளலாம். டைட்டானியம் வளையத்தில் தண்டுகளைப் பற்றவைத்த மாதிரி, பற்றவைத்த இடத்தில் உலோகம் நொறுங்குந்தன்மை அடைந்து முறிந்தது. பற்றவைப்பே வேண்டாம் என்று ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து வளையத்தையும் தண்டுகளையும் கடைந்து, தேயவே தேயாத தட்டு வேண்டுமென்று ஒற்றைப் படிகமாக வளர்த்த செயற்கை நீலக்கல்லை அறுத்து வைத்தார்கள். தட்டு தேயவில்லை, தட்டு உராய்ந்து டைட்டானியம் தேய்ந்தது. ஜெட் விமான இஞ்சின்களில் பயன்படும் கோபால்ட்–குரோமியக் கலப்புலோகத்துக்கு வளையத்தை மாற்றினார்கள், தேய்மானம் நின்றது. பூஜப்புரையில் பழைய அரண்மனை ஒன்றில் அமைந்திருந்த ஆராய்ச்சிப் பிரிவில், ஆட்டின் இருதயத்தில் அந்த வால்வைப் பொருத்தினார்கள். சில மாதங்களில் ஆடு இறந்துபோயிற்று. திறந்து பார்த்தபோது நீலக்கல் தட்டு உடைந்து கிடந்தது. கடைசியாக, இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் பயன்பட்டுவந்த, மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆன பாலிஎதிலின் பிளாஸ்டிக்கிலிருந்து தட்டைக் கடைந்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விட மிருதுவான அந்தப் பொருள்தான் கடினமான கலப்புலோகத்தோடு ஒத்துப்போயிற்று. சோதனை யந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை மூடித் திறந்தபின்னும் அது நிலைத்தது. மூடும்போது எழும் ஓசையும் வெகுவாகக் குறைந்துபோயிற்று. 1990 டிசம்பரில் அது முதல்முதல் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் தயாரித்து வெளியிட்ட சித்ரா வால்வு, இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தோல்வியையும் மறைக்காமல் பதிவு செய்து, அடுத்த பொருளைத் தேடிப் போன அந்தக் குழுவின் பொறுமையை, சுதந்திர இந்தியாவின் விஞ்ஞான சாதனைகளில் முதல் வரிசையில் வைத்து எண்ணவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆயினும் யந்திர வால்வு எதுவாயினும், அதைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்கியாக வேண்டும். மாத்திரை குறைந்தால் கட்டி; மிகுந்தால் ரத்தக்கசிவு. பி.டி.–ஐ.என்.ஆர். என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் பரிசோதனையில், மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு எண் சாதாரணமாக இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்கவேண்டும். இந்த மாத்திரை வைட்டமின் கே சத்துக்கு எதிராக வேலை செய்வதால், ஒரு வாரம் கீரையே தொடாதவர் அடுத்த வாரம் தினந்தோறும் முருங்கைக் கீரை தின்றால் எண் இறங்கிவிடும். தினம் ஒரே அளவு தின்றால் பாதகமில்லை. பட்டணத்தில் இருப்பவருக்கு இது ஒரு தொந்தரவு. பஸ் ஏறி இரண்டு மணி நேரம் போனால்தான் பரிசோதனைச் சாலை என்ற நிலையில் இருக்கும் கூலிப்பெண்ணுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவள் கருவுற்றால், கரு உருவாகும் முதல் மாதங்களில் இதே மாத்திரை சிசுவின் எலும்பையும் முகத்தையும் ஊனப்படுத்தக்கூடும். மாத்திரையை நிறுத்தினாலோ தாய்க்கு ஆபத்து. அண்மையில் வந்த புதிய உறைதடுப்பு மருந்துகள் யந்திர வால்வுக்குப் பயன்படவில்லை. அவற்றுள் ஒன்றை வைத்து நடத்திய பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது.

மாத்திரை வேண்டாத வழி ஒன்று அறுபதுகளின் இறுதியிலேயே பிறந்துவிட்டது. பாரிஸில் அலென் கார்பாந்தியே என்ற நிபுணர், பன்றியின் வால்வை குளூட்டரால்டிஹைடு என்ற திரவத்தில் ஊறவைத்து, ஏறக்குறைய தோல் பதனிடும் ரீதியில் அதன் நார்களைப் பிணைத்து, நம் சரீரம் அதைத் தாக்காதபடி செய்தார். இன்று மாட்டின் இருதய உறையையும் அதே முறையில் பதனிட்டு இதழ்களாகத் தைக்கிறார்கள். ரத்தம் இதை விரோதிப்பதில்லை. ஆனால் பதனிட்ட திசு செத்த திசு. நார் அறுந்தால் நெய்ய அதில் செல் இல்லை. பிணைப்புகளில் கால்சியம் படிந்து நாளடைவில் அது கல்லாகிறது. எழுபது வயதினருக்குப் பதினைந்து வருஷம் போலத் தாங்குவது, சரீரத்தில் கால்சியத்தின் நடமாட்டம் மிகுந்த வாலிபருக்குப் பத்து வருஷத்துக்குள்ளேயே விறைத்துப்போகலாம்.

இந்தத் திசுவைத்தான் இன்று மார்பைத் திறக்காமலேயே இருதயத்துக்குள் கொண்டுபோகிறார்கள். 2002இல் பிரான்ஸின் ரூவான் நகரத்தில் அலென் கிரிபியே முதன்முதல் செய்துகாட்டிய இந்த முறையில், பிற்பாடு நிட்டினால் என்னும் நிக்கல்–டைட்டானியக் கலப்புலோகம் புகுந்தது. அதன் விசேஷம், குளிர்ந்தால் துவண்டு, சரீரத்தின் சூட்டில் தனக்குக் கற்பிக்கப்பட்ட வடிவத்தை மீண்டும் அடைவது. சிகிச்சை அறையில் உப்புநீரைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, விரல்பருமனுக்கு மேற்பட்ட வலைக்கூடு ஒன்றை அதனுள் அமிழ்த்தி, எழுதுகோல் போன்ற குழாய்க்குள் நுழையும்வரை பொறுமையாகச் சுருக்குவார்கள். தொடையின் தமனி வழியே ஏறி மகாதமனியின் வாயிலை அடைந்து உறையினின்று வெளிப்பட்டதும், ரத்தத்தின் வெதுவெதுப்பில் கூடு விரிந்து, பழைய வால்வைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுத் தான் வேலையைத் தொடங்குகிறது. பார்ப்பவரை வியக்கவைக்கும் காரியந்தான். ஆனால் விரிந்த கூடு நழுவாமல் நிற்பதற்கு, முதுமையில் கால்சியம் படிந்து கெட்டிப்பட்ட மகாதமனி வால்வே பிடிமானம் தருகிறது. ருமாட்டிக் வியாதி தாக்குவது பெரும்பாலும் மைட்ரல் வால்வை. இளைஞரிடத்தில் அங்கே கால்சியமும் குறைவு. செல்வ நாடுகளின் முதியவருக்காகக் கோடானுகோடி செலவில் சிறந்து வளர்ந்த கலை, ஏழை நாடுகளின் வாலிபர் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. ஒரு விஞ்ஞானத்தின் போக்கை யாருடைய வியாதி நிர்ணயிக்கிறது என்பதைப் பற்றி நம் தேசத்து ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் தீர யோசித்துத் தங்கள் பணத்தைச் செலவிடவேண்டும் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இளைஞருக்கு வேண்டியது உயிருள்ள வால்வு. அது சாத்தியம் என்பதற்கு 2022இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலை ஒரு பிரத்தியட்ச சாட்சியத்தைத் தந்தது. அங்கே ஜோசப் டூரெக் தலைமையிலான குழு, பிறந்து சில நாட்களே ஆன சிசுவுக்கு, தசை பழுதுபட்டு முழு இருதய மாற்றத்துக்கு உதவாத தான இருதயத்திலிருந்து வால்வுகளையும் தமனிகளையும் மாத்திரம் எடுத்துப் பொருத்தியது. ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அவை வேலை செய்வதோடு, குழந்தையோடு கூடவே வளர்ந்தும் வருகின்றன என்று 2024இல் அறிவித்தார்கள். ஆனால் தானமாகக் கிடைக்கும் சிசு இருதயங்கள் எத்தனை? ஆகவே வேறு சிலர் செயற்கை இழையில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். மின்விசையால் நுண்ணிய நாராக நூற்ற பாலிமரைக் கொண்டு வால்வு செய்து வைத்தால், அதன் துளைகளில் நோயாளியின் செல்களே குடியேறித் தம் கொலாஜனை நெய்ய, பாலிமர் படிப்படியாகக் கரைந்து மறையும் என்பது அவர்கள் திட்டம். 2016இல் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு இது பொருத்தப்பட்டது; சிலரிடத்தில் இதழ்களில் கசிவு கண்டதால் அமைப்பைத் திருத்தி மறுபடி முயல்கிறார்கள்.

மின்னசோட்டா சர்வகலாசாலையின் ராபர்ட் டிராங்குவில்லோ இதைத் தலைகீழாகச் செய்கிறார். ஆட்டின் தோலிலிருந்து எடுத்த செல்களை, ரத்தக் கட்டிக்கு ஆதாரமான ஃபைப்ரின் கூழில் கலந்து குழல் வடிவில் வார்க்கிறார். சத்துநீரோட்டத்தில் வாரக்கணக்கில் வளரும்போது அந்தச் செல்கள் ஃபைப்ரினைத் தின்று, அதன் ஸ்தானத்தில் கொலாஜனை நெய்கின்றன. பின்பு சோப்பு போன்ற திரவங்களால் செல்களைக் கழுவிவிட்டால், யாருடையது என்ற அடையாளம் அற்ற வெறும் நார்க்குழல் மிஞ்சுகிறது. அப்படிப்பட்ட மூன்று குழல்களைச் சேர்த்துத் தைத்து, பெரிய குழல் ஒன்றுக்குள் பொதிந்த வால்வை ஆட்டுக்குட்டிகளின் நுரையீரல் தமனியில் பொருத்தியபோது, குட்டியின் செல்கள் அதற்குள் குடியேறின. ஒரு வருஷத்தில் குழலின் விட்டம் 19 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 25 மில்லிமீட்டருக்கு வளர்ந்திருந்ததாக 2021இல் அறிவித்தார்கள்.

ஆனால் நுரையீரல் தமனியின் அழுத்தம் இருதயத்தின் இடப்பக்கத்து அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ருமாட்டிக் வியாதியால் கெட்ட வால்வு இருப்பதோ இடப்பக்கத்தில். போதாததற்கு மைட்ரல் இதழ்களைக் கீழிருந்து நார்க் கயிறுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன, அவற்றையும் சேர்த்து நெய்தாகவேண்டும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்படி கொலாஜனைக் கெட்டிப்படுத்தினால் செல்கள் உள்ளே புக வழியிருப்பதில்லை. புகும்படி நெகிழவிட்டால் இதழ் நீண்டு கசிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே பொருத்தமான ஓர் அடர்த்தியைக் கண்டுபிடிப்பதே இப்போது பரிசோதனைச் சாலைகளில் நடக்கும் வேலை.