ஜீப்பில் போன மலைக்கு பைக்கில் போனோம்!

சுருளிப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி ஞாபகம் வரும். எங்களுக்கோ திராட்சைப் பந்தல்தான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அந்தத் திராட்சைப் பெட்டிகளை ரோட்டடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நான் என் கணவரின் பைக்கை ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டு இல்லை, அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது, பழம் காத்திருக்காது!

விடுமுறை வந்தால் எங்கள் ரோட்டில் பட்டணத்துப் பையன்கள் வரிசையாய் வண்டியில் போவார்கள். மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். போடிமெட்டுக்கு 17. எங்கிருந்தோ வந்து அவர்கள் ரசிக்கிற மலையை, அடிவாரத்திலேயே பிறந்த நாம் ஏன் ரசிக்கவில்லை என்று எங்கள் தையல்கடை அக்காதான் ஆரம்பித்தார். "ஏத்தா, நமக்கும் வண்டி ஓட்டத் தெரியும்ல?" என்றார். அவ்வளவுதான். அவர், பள்ளிக்கூட டீச்சர், நான், என் நாத்தனார் என்று நால்வர், மூன்று வண்டி. குமுளி வழியாக ஏறி, கம்பம்மெட்டு வழியாக இறங்குவது என்று முடிவாயிற்று.

வீட்டில் எதிர்ப்பு மாமியாரிடமிருந்து வரும் என்று நினைத்தேன். வந்தது என் அம்மாவிடமிருந்து.

அம்மா முப்பது வருஷம் அந்த மலைக்குப் போனவள், ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்கு. விடிவதற்குள் எழுந்து, சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, ஜீப்பில் புளிமூட்டையாய் அடைந்து போய், பொழுது சாய வருவாள். சேலையெல்லாம் ஏலக்காய் மணக்கும். ஒரு மழை நாளில் ஜீப் சரிந்து அவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்றைக்கும் கையைத் தலைக்கு மேல் தூக்கமுடியாது. "வயித்துக்காகப் போன மலை அது. வெளையாடப் போற எடமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் போனேன்.

ஐயப்ப சீசனில் அந்தச் சாலைகளில் வண்டி நெரிசல் சொல்லி மாளாது. அது முடிந்து, மழையும் இல்லாத ஒரு ஞாயிறாகப் பார்த்து விடியற்காலையில் கிளம்பினோம். ஆளுக்கு இரண்டே இட்லி. வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. இரண்டுமே மலையில் குமட்டலைக் கொண்டுவரும். நால்வருக்கும் ஹெல்மெட். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டோம். பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்க வண்டியில் தடுப்பு இருக்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அழகு கெடுகிறதென்று பையன்கள் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

லோயர்கேம்ப் வரை சமதளம். அங்கே பென்னிகுவிக் மணிமண்டபத்தில் ஐந்து நிமிஷம் நின்றோம். அவர் கட்டிய பெரியாறு அணை 1895-லிருந்து தேக்கித் திருப்பிவிடுகிற தண்ணீர்தானே எங்கள் வயலில் இரண்டு போகம் விளைய வைக்கிறது! மலைமேலிருந்து ராட்சசக் குழாய்களில் அந்தத் தண்ணீர் மின்நிலையத்துக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஏறத் தொடங்கினோம்.

முதல் வளைவில் என் கை நடுங்கியது நிஜம். பஸ் ஒன்று இறங்கி வந்தது. அது திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிட்டேன். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று விதி இருக்கிறது. ஆனால் பஸ்ஸோடு விதி பேசிக்கொண்டிருக்க முடியுமா? பிறகு பிடிபட்டது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, கியரையும் அங்கேயே மாற்றிவிட வேண்டும். கண் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது. ரோடு எங்கே போய் முடிகிறதோ அங்கே பார்க்கவேண்டும். கண் போகிற பக்கம் வண்டி போகிறது, ஆச்சரியம்தான்!

பின்னால் இருந்த நாத்தனாருக்குத்தான் பாடு. "மதினி, வயித்தப் பெரட்டுது" என்றாள். என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தால் புரட்டாமல் என்ன செய்யும்? உடம்பு ஆடுவது காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது. கண்ணோ அசையாத முதுகைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் மயக்கமும் குமட்டலும். ஓட்டுகிறவருக்கு வளைவு வருவது முன்கூட்டியே தெரிவதால் அநேகமாக வராது. "தோளுக்கு மேல ரோட்டப் பாரு. வண்டி சாயற பக்கமே நீயும் சாயி. பயந்து எதிர்ப்பக்கம் சாயாதே" என்றேன். சரியாகிவிட்டது. காது அடைத்ததற்கு எச்சில் விழுங்கினாலே போதுமாயிருந்தது.

குமுளியில் டீ. அணக்கரை, ஏலக்காய் ஏலம் நடக்கிற புத்தடி வழியாகத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். ஏலச்செடியின் மணம் வந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சின்ன வயதில் அம்மாவின் மடியில் படுத்தால் வரும் மணம் அது.

இறக்கத்தில்தான் வந்தது வினை. கம்பம்மெட்டுச் சாலை இன்னும் குறுகல். டீச்சருடையது கியர் இல்லாத ஸ்கூட்டர். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பாதி வழியில் கருகல் வாசனை. "பிரேக்கு தொளதொளன்னு போவுது!" என்று கத்தினார். நல்லவேளை, ரோடு கொஞ்சம் சமமான இடம். காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டார். ஓரமாய்ப் போட்டு அரைமணி நேரம் ஆறவிட்டோம். தண்ணீர் ஊற்றப்போன நாத்தனாரை அக்கா தடுத்துவிட்டார். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் விட்டால் கோணிக்கொள்ளும். அதற்குள் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. என்ன நினைத்திருப்பார் என்று எங்களுக்குத் தெரியாதா!

கியர் வண்டி என்றால் எந்தக் கியரில் ஏறுவோமோ அதிலேயே இறங்கவேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிருக்கு உலை. கியர் இல்லாததில் அந்தப் பிடி குறைவு. ஆகவே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, நடுநடுவே நின்று வரவேண்டும். மீதித் தூரத்தை டீச்சர் அப்படித்தான் இறங்கினார். ஆறிய பிறகு பிரேக் பழையபடி பிடித்ததைச் சோதித்துவிட்டுத்தான் கிளம்பவிட்டோம். (குழந்தைகளை இப்படிக் கூட்டிப்போகாதீர்கள். 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் விதி செய்திருக்கிறார்கள்.)

ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. பச்சைப் பாய் விரித்த மாதிரி வயல்; திட்டுத்திட்டாய்ப் பந்தல்கள். அந்தப் பச்சையில் எங்கள் தோட்டம் எது என்று நால்வரும் சண்டை போட்டோம்.

மூன்று மணிக்கு வீடு. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிரேக் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "அந்தத் திருப்பத்துல நம்ம ஊரு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுச்சும்மா. நீ எத்தன தடவ பாத்திருப்ப!"

"எங்க பாத்தேன்? ஜீப்புல பின்னாடி, ஆளுக்கு நடுவுல குனிஞ்சு ஒக்காந்திருப்போம். வந்த ரோடுதான் கொஞ்சம் தெரியும். முன்னாடி என்ன வருதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அடுத்த தடவ என்னையக் கூட்டிட்டுப் போ."

ஒருபக்கமாய் உட்கார்ந்தால் வளைவில் வண்டி நிலை தடுமாறும், இரண்டுபக்கமும் காலைப் போட்டுத்தான் உட்காரவேண்டும், சேலையோடு எப்படி என்றேன்.

"நாத்து நடுறப்ப தூக்கிச் செருகுறதில்லையா? அப்புடிக் கட்டிக்கிட்டா போச்சு!"

அவள் தலைக்கு ஒரு ஹெல்மெட் வாங்கவேண்டும். கொண்டையோடு போடமுடியாதே என்பதுதான் இப்போது அவளுடைய ஒரே கவலை.