சங்க வண்டியும் காற்றடிக்கும் யந்திரமும்

சென்ற ஆண்டு விளைபொருள் விற்பனைச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அச்சங்கத்திற்கு ஒரு சிறு சரக்கு வண்டி உண்டு. விடியற்காலையில் உறுப்பினர்களின் தக்காளியையும் கத்தரியையும் சந்தைக்குக் கொண்டு செல்லும். திரும்புகையில் அண்டையிலுள்ள நெசவாளர் சங்கத்தின் நூல் சிப்பங்களை வாடகைக்கு ஏற்றி வரும். செலவுச் சீட்டுகளைப் புரட்டியபோது, ஓராண்டில் மூன்று டயர்கள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டேன். மூன்றாவது டயர் பாதி வழியில் வெடித்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆயினும் ஏலம் முடிந்த பின்னரே சரக்கு சந்தையை அடைந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று கொண்டு, டயரின் விலையை அவருடைய சம்பளத்தில் தவணையாகப் பிடிக்க நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது.

மறுநாள் வண்டி புறப்படுமுன், என் மோட்டார் சைக்கிளுக்கென்று வைத்திருந்த அளவுமானியைக் கொண்டு டயர்களைச் சோதித்தேன். பின் சக்கரங்களுக்கு 50 பவுண்டு காற்று வேண்டும் என்று வண்டியின் தகட்டில் எழுதியிருந்தது. வலப்புறத்தில் 31 பவுண்டும் இடப்புறத்தில் 34 பவுண்டுமே இருந்தன.

“காலால் உதைத்துப் பார்ப்பேன் ஐயா, கல் மாதிரிதான் இருக்கும்” என்றார் ஓட்டுநர். அவரிடம் அளவுமானி இல்லை. வாங்கித் தந்தவரும் இல்லை.

குறைந்த காற்றுடன் பாரம் ஏற்றிச் செல்லும் டயரின் பக்கச்சுவர், சக்கரம் சுழலுந்தோறும் மடங்கி விரிகிறது. அதனால் உண்டாகும் வெப்பம் ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் நலிவித்து, ஒரு நாள் வெடிக்கச் செய்கிறது. சாலையின் கல்லோ, ஓட்டுநரின் அசட்டையோ இங்குக் குற்றவாளி அன்று. அளவுக்கு மிஞ்சிய காற்றும் தீங்கே. டயரின் நடுப்பகுதி தேயும், பிடிப்புக் குறையும்.

பெட்ரோல் நிலையங்களில் காற்று இலவசமாகவே கிடைக்கிறதே, சங்கம் ஏன் யந்திரம் வாங்க வேண்டும் என்று உறுப்பினர்கள் வினவலாம். அச்சங்கத்திலிருந்து அத்தகைய நிலையம் 12 கிலோமீட்டர் தொலைவு. டயர் ஓடினால் சூடேறும். சூடேறினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். அந்நிலையில் 50 பவுண்டு காட்டும் டயர், குளிர்ந்தபின் அதற்குக் குறைவாகவே காட்டும். தகட்டில் எழுதியுள்ள அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. ஆகவே, வண்டி நிற்கும் இடத்திலேயே, காலையில் புறப்படுமுன் அளந்து அடிப்பதே முறை. கையில் எடுத்துச் செல்லத்தக்க கம்ப்ரஸரின் பயன் இதுவே.

இனி, எதைப் பார்த்து வாங்குவது? பெட்டியின்மேல் 150 பவுண்டு என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். யந்திரம் எட்டக்கூடிய அழுத்தம் ஒன்று. நிமிஷத்திற்கு அது தள்ளும் காற்றின் அளவு மற்றொன்று. அழுத்தம் ஏற ஏற, தள்ளும் காற்று குறையும். ஓர் உதாரணம்: 30 லிட்டர் கொள்ளளவுள்ள கார் டயரில் அழுத்தத்தை 14 பவுண்டு உயர்த்தச் சுமார் 29 லிட்டர் காற்று வேண்டும். 250 லிட்டர் கொள்ளளவுள்ள டிராக்டரின் பின் டயரில் 7 பவுண்டு மட்டுமே உயர்த்தவும் சுமார் 120 லிட்டர் வேண்டும். பாதி அழுத்தத்திற்கு நான்கு மடங்கு காற்று! இருசக்கர வாகனத்திற்கும் காருக்கும் போதுமான சிறு யந்திரத்தை டிராக்டரிடம் கொண்டு சென்றால், அது சூடேறி நின்றுவிடும். எனவே, சங்கத்தின் வண்டிகளில் அதிக அழுத்தம் வேண்டும் டயர் எது, அதிகக் கொள்ளளவுள்ள டயர் எது என்று முதலில் குறித்துக்கொண்டு, இரண்டிற்கும் ஏற்றதையே விலைப்புள்ளி பெற்று வாங்குக.

வண்டியின் 12 வோல்ட் சொருகுமுனையில் செருகும் யந்திரம் சிறியது. அதிக மின்சாரம் இழுத்தால் ப்யூஸ் எரிந்துபோகும். பெரிய யந்திரத்தைப் பாட்டரியிலேயே கவ்விகளால் இணைக்க வேண்டும். தனக்கென்று மின்கலம் உள்ளவை எளியவை. ஆனால் மின்னேற்றாமல் அலமாரியில் கிடந்தால், வேண்டும் சமயத்தில் உதவா. எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓடலாம், பின் எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும் என்பதையும் குறிப்பேட்டில் பார்த்து வாங்குக. யந்திரத்தில் உள்ள முள்ளை மட்டும் நம்பாமல், தனியே ஓர் அளவுமானியும் வைத்திருத்தல் நலம்.

உபயோகிக்கையில் கவனிக்க வேண்டியவை சில. கைப்பிரேக்கை இழுத்துவிடுக. பாட்டரி தளராதிருக்க எஞ்சினை ஓடவிடுவதானால், வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினின் புகை உயிருக்கு ஆபத்து. காற்று ஏறும்போது பக்கச்சுவருக்கு நேரே நிற்கலாகாது. பக்கச்சுவர் வீங்கியோ கிழிந்தோ இருந்தாலும், காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடியிருந்தாலும், அந்த டயரில் காற்றடிக்காமல் பழுது பார்ப்பவரிடம் அனுப்புக. முடிந்ததும் வால்வின் மூடியைத் திருகுக. ஸ்டெப்னியையும் மறவாதீர்கள், அவசரத்தில் கழற்றும்போதுதான் அதில் காற்றில்லை என்பது பலருக்குத் தெரிய வருகிறது. யந்திரம் பஞ்சரை ஒட்டாது என்பதும் நினைவிலிருக்கட்டும். ஒரே சக்கரத்தில் அடிக்கடி காற்றுக் குறைந்தால், சோப்பு நீரைத் தடவி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, பழுதை நீக்குக.

யந்திரம் வாங்கியதும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுக. வாரம் ஒருமுறை ஒவ்வொரு சக்கரத்தின் அளவையும் தேதியுடன் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த நோட்டு இருந்திருந்தால், மேற்சொன்ன சங்கத்தில் காற்றுக் குறைந்து வந்தது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

என் குறிப்பைப் படித்த நிர்வாகக் குழு, ஓட்டுநர்மீது செய்த தீர்மானத்தை ரத்து செய்தது. பிடித்திருந்த ஒரு தவணையையும் திருப்பித் தந்தது. பின்னர் ஒரு யந்திரமும் ஓர் அளவுமானியும் வாங்கி அவர் கையிலேயே ஒப்படைத்தது. வண்டி வைத்திருக்கும் மற்றச் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதுவரை, நாளைக் காலையே சக்கரங்களை அளந்து பாருங்கள்.