ராத்திரியில் தெரியும் உருவம்: பேயா... நோயா? ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

நடுராத்திரி திடீரென முழிப்பு வருகிறது. நெஞ்சு மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது. கத்தப் பார்த்தால் குரல் வரவில்லை. மூலையில் ஒரு கறுப்பு உருவம்!

காலையில் இதை சொன்னால், "அமுக்குவான் பேய்டா, வேப்பிலை அடிச்சா சரியாயிடும்" என்பார்கள் வீட்டு பெரியவர்கள்.

இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கனவு காணும் நேரத்தில் கை, கால் அசையாதபடி மூளை கட்டி வைக்கிறது. அந்த கட்டு அவிழும் முன்பே சில சமயம் கண் முழித்து விடும். பாதி கனவு, பாதி முழிப்பு. ஓரிரு நிமிடத்தில் தானாக விலகி விடும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள், சரியாக தூங்காதவர்களுக்கு இது அதிகம் வரும். நேரத்துக்கு தூங்கி, ஒருக்களித்து படுத்தாலே பெரும்பாலும் குறைந்து விடும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி விட்டுவிட முடியாது.

குடியை நிறுத்திய 3-வது ராத்திரி

தினமும் நிறைய குடிப்பவர், மாலை போடுவதற்காக ஒரேயடியாக நிறுத்துகிறார். 2, 3 நாளில் கை நடுங்குகிறது, வேர்த்து கொட்டுகிறது. சுவரில் பூச்சி ஊர்வதாக அலறுகிறார். சாமி குத்தம் என்று பூசாரியிடம் கூட்டிப்போனால் உயிருக்கே ஆபத்து! வலிப்பும் வரலாம். உடனே 108-ஐ கூப்பிடுங்கள். குடியை விடுவது நல்லதுதான். அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு செய்ய வேண்டும்.

இவர்களையும் கவனிங்க

* வயசானவர் திடீரென ஆள் தெரியாமல் பேசினால்: காய்ச்சல், சிறுநீரில் கிருமி, சர்க்கரை குறைவு, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

* பிரசவமான சில நாளில் தாய் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது என்றால்: தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

* நன்றாக முழித்திருக்கும்போதே குரல் கேட்டால், அது "செத்துப்போ" என்று சொன்னால்: ஒருநாள் கூட தள்ளிப்போடக்கூடாது.

மறக்க முடியாத ஏர்வாடி

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் கருகினர். பலியானவர்கள் 28 பேர். சங்கிலி போடுவதற்கு 2017-ம் ஆண்டு மனநல பாதுகாப்பு சட்டம் தடை விதித்துள்ளது.

மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரை இலவசமாக பார்க்கலாம். 14416 என்ற நம்பருக்கு 24 மணி நேரமும் போன் போட்டு தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கோவிலுக்கு போவது உங்கள் நம்பிக்கை. அதற்கு முன்னால் ஒருதடவை டாக்டரை பார்த்து விடுங்கள்!