பத்தாம் வகுப்புச் சான்றிதழும் இருநூறு டாலரும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் முதல் தூத்தூர் வரையுள்ள கடற்கரை ஊர்களில் வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர் முதலில் எடுப்பது பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் அதில் ‘ஈசிஆர்’ என்று குறிப்பிருக்கும். குடிபெயர்வு அனுமதி தேவை என்று பொருள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, சவுதி, ஓமன், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் இவர் அரசின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தச் சம்பளம், அந்த நாட்டுக்கென இந்தியா வகுத்துள்ள குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இருக்கக்கூடாது.

பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அவரைத் தடுப்பாரும் இல்லை, அவரது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பாரும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். படிப்பு கூடக் கூட, அந்தச் சரிபார்ப்புக்கு வெளியே போகிறவர்களும் கூடுகிறார்கள்.

குறைந்தபட்சத் தொகையும் நிலையானதல்ல. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைக் குறைத்தது. அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைனுக்கு மாதம் 200 டாலர், குவைத்துக்கு 245, சவுதிக்கு 324. பழைய தொகையைவிட 30 முதல் 50 சதவீதம் குறைவு. 200 டாலர், அன்றைய மதிப்பில் 15,000 ரூபாய்க்கும் கீழே. கொரோனா காலத்தில் இந்தியர்களின் வேலை பறிபோகாமல் காப்பது நோக்கம் என்றார்கள். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2021இல் குறைப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இடையில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் சம்பளம் அதனால் தானாக உயர்ந்துவிடாது.

அந்தப் பக்கம் சவுதி வேறொரு கணக்குப் போட்டது. 2017 ஜூலையில், குடும்பத்தோடு இருக்கும் வெளிநாட்டவர் ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்றது. ஆண்டுதோறும் 100 கூடி, 2020இல் அது 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1,200 ரியால். அன்று ஏறக்குறைய 24,000 ரூபாய். சவுதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனம், ஒரு தொழிலாளிக்கு 2018இல் மாதம் 400 ரியாலும் 2020இல் 800 ரியாலும் செலுத்த வேண்டியிருந்தது. முதலாளிக்கு அதுவும் ஆள்செலவுதான். சம்பளம் கூட்டிக் கேட்க இடம் சுருங்கியது.

மீனவருக்கு நிலைமை இன்னும் மோசம். வளைகுடாப் படகுகளில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, பங்குதான். பிடித்த மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். படகுக்காரரான அரபியின் பங்கு போகும். மிச்சத்தை ஆள் எண்ணிப் பிரிப்பார்கள். மீன்பாடு இல்லையென்றால் பங்கும் இல்லை. ஊரில் நகையை அடகுவைத்து வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறும். பங்குக்குக் குறைந்தபட்சம் என்று எதை வைத்து அளப்பது? விசா தந்து பொறுப்பேற்ற கஃபீலும் அதே அரபி என்றால், படகை மாற்றுவதும் எளிதல்ல.

2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது ஈரானின் தீவுகளிலும் துறைமுகங்களிலும் தமிழக மீனவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். அவர்களில் பலர் கன்னியாகுமரிக்காரர்கள். ஐஎன்எஸ் ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது.

ஈரான் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை.