தாப்பாவிற்கு ஏற்ற பொழுது

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், ஈப்போவிற்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தாப்பா. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை இங்கிருந்தே தொடங்குகின்றது. இவ்வூருக்கும் இதன் மலைவழிக்கும் செல்ல விரும்புவோர் முதலில் கேட்பது, எந்த மாதத்தில் போவது நன்று என்பதே. இயல்பான வினாதான். ஆயினும் வேனில், கார், பனி என்று மாறிமாறி வரும் வேறொரு நாட்டின் ஆண்டை மனத்திற் கொண்டு எழுகின்ற வினா அது.

பொழுதைப் பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் இருகூறாக வைத்தனர் முன்னோர். ஆண்டின் கூறு பெரும்பொழுது. நாளின் கூறு சிறுபொழுது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என உரையாசிரியர்கள் வகுத்துக் காட்டுவர். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் இப்பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர் பலர். தாப்பாவில் வாழும் மாணவன் சாளரத்தின் வழியே பார்த்தால் பட்டியல் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

பொருந்தும் பாதி வியப்பானது. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், மலைத்தொடரை ஒட்டிய உள்நாட்டில், ஆண்டில் இருமுறை மழை உச்சம் அடைகின்றது. பெரிய உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில். சிறிய உச்சம் ஏப்ரல், மே மாதங்களில். முன்னது கூதிரோடு ஏறத்தாழ ஒத்துப்போகின்றது. மழை மிகக் குறைவது ஜூன், ஜூலை மாதங்களில், அதுவோ முதுவேனில். இவ்வளவும் சரி. ஆனால் தமிழ்நாட்டில் கத்திரி வெயில் கொளுத்தும் சித்திரை வைகாசியில் தாப்பாவில் மழை பெருகுகின்றது. பனிக்காலம் என்பதோ அறவே இல்லை. பிப்ரவரியில் மழை சற்றுக் குறையும், அவ்வளவே.

காரணம் ஊரின் இருப்பிடம். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே நான்கு பாகைக்குச் சற்று மேலே உள்ளது தாப்பா. மார்ச் இறுதியிலும் செப்டம்பரின் இரண்டாம் வாரத்திலும் ஞாயிறு அதன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. அதனைப் பின்தொடர்ந்து, இரு பருவக்காற்றுகளும் தளர்ந்து நிற்கும் இடைக்காலங்களில், மழை மிகுகின்றது. வடகிழக்குக் காற்று சுமந்து வரும் மழையின் பெரும்பகுதியைத் தித்திவங்சா மலை கிழக்கிலேயே தடுத்து விடுகின்றது. தென்மேற்குக் காற்றினைச் சுமத்ராத் தீவின் மலைகள் மறைக்கின்றன. ஆகவே பருவக்காற்று வலுத்து வீசும் காலத்தைவிட, அது ஓய்ந்திருக்கும் காலமே தாப்பாவின் மழைக்காலம். தமிழ்நாட்டின் பழக்கத்திற்கு இது நேர் எதிர்.

இனி வெப்பத்தைப் பார்ப்போம். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்திற்கும் மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் இடையே சராசரி வேறுபாடு இரண்டு செல்சியசு பாகையை எட்டுவதில்லை. ஒரே நாளின் வைகறைக்கும் பிற்பகலுக்கும் இடையிலோ, உள்நாட்டு ஊர்களில், எட்டு முதல் பன்னிரண்டு பாகை வேறுபாடு உண்டு. பன்னிரண்டு மாதங்கள் செய்யாத மாற்றத்தை ஒரு பகல் செய்து முடித்துவிடுகின்றது! தாப்பாவில் ஆட்சி செலுத்துவது சிறுபொழுதே. எந்த மாதம் என்பதற்கு முன்னர், எந்த நேரம் என்று கேட்பதே அவ்வூருக்குத் தக்கது.

மழையும் இம்முறைப்படியே வருகின்றது. காலை வெயிலில் நிலம் சூடேறும். ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து முகிலாகும். பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும். ஐப்பசி அடைமழை என்று தமிழ்நாட்டில் சொல்வது இரவும் பகலும் விடாது பெய்வது. தாப்பாவின் ஐப்பசி மழை பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று; காலையில் வெயில், மாலையில் பெருமழை. சிறுபொழுது ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம் எனக் கொள்வது வழக்கம். அவ்வகையில் எற்பாடு பிற்பகல் இரண்டு முதல் ஆறு மணி வரை. ஆனால் கடிகாரத்தை அப்படியே நம்பலாகாது. 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்தள்ளப்பட்டதால், தாப்பாவில் ஞாயிறு உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணி அளவில்தான். எனவே அங்கு எற்பாடு மூன்றேகாலுக்குத் தொடங்குகின்றது. இடிமழைக்கு உரிய பொழுது பெரும்பாலும் அதுவே.

இதனை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். வைகறையில் பெரட்டு; விடியுமுன் மரத்தடியில் பால்வெட்டு. குளிர்ந்த நேரத்தில் மரத்தின் பால் நன்கு வடியும் என்பது ஒரு காரணம். வெயிலேறுமுன் வெட்டி, நண்பகலுக்குள் மங்குகளிலிருந்து பாலை எடுத்துவிட்டால் பிற்பகல் மழை கெடுப்பதற்கு ஒன்றும் இராது. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பால் குறையும் காலமே அவர்கள் கண்ட பெரும்பொழுது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. அந்நாட்கணக்கும் பலர் நினைவிலிருந்து நீங்கி வருகின்றது.

அக்கணக்கை மறப்பதில் உயிருக்கே இடர் உண்டு. கேமரன் மலையின் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதியில் 2013 அக்டோபரிலும் 2014 நவம்பரிலும் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டும் பெரிய உச்சத்தின் மாதங்கள். ஆனால் 1995 ஜூன் 30ஆம் நாள் கெந்திங் செம்பாவில் மலைச்சரிந்து இருபது பேர் மாண்டது, மழை குறைந்த மாதத்தில். 1996 ஆகஸ்டு 29ஆம் நாள், தாப்பாவிற்கு அண்மையில் உள்ள கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங் என்ற பூர்வகுடிக் குடியிருப்பைச் சேற்று வெள்ளம் அடித்துச் சென்று 44 பேரைப் பலிகொண்டதும் உச்ச மாதத்தில் அன்று. இவ்விரண்டும் நிகழ்ந்தது மாலையை ஒட்டிய வேளை. மாதத்தை மட்டும் பார்த்துத் துணிவோருக்கு இது போதும். கூதிர் யாமத்தில் மலைவழி வரும் தலைவனைத் தோழி தடுப்பதைக் கற்பனை அச்சம் என்று கருதுவோர், தாப்பா மலைச்சாலையில் ஒருமுறை மழையில் இறங்கிப் பார்க்கலாம்.

அப்படியாயின் எப்போது செல்வது? ஜூனும் ஜூலையும் முதலிடம் பெறும். அடுத்தது பிப்ரவரி. ஆகஸ்டு, செப்டம்பரில் மழை பெரிதும் இடையூறு செய்யாவிடினும், வறண்ட ஆண்டுகளில் சுமத்ராக் காட்டுத் தீயின் புகை வந்து மலையை மறைத்துவிடும். 2015, 2019 ஆம் ஆண்டுகளில் அப்படி நேர்ந்தது. தீபாவளிக்கு உறவினரைக் காண வருவோர் மாதத்தைத் தெரிவு செய்ய முடியாது. நேரத்தைத் தெரிவு செய்யலாம். காலையில் தாப்பாவை விட்டுப் புறப்பட்டு, இரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். இல்லையேல் மலையிலேயே இரவு தங்குவது நலம். லாத்தா இஸ்கந்தர் அருவியில் நீராடுவோர் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தல் போதாது. மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே வந்து சேரும். நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் அந்நொடியே கரையேறிவிட வேண்டும்.

ஜூன், ஜூலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஆண்டின் முற்பகுதியில் மழை குறைந்த நாட்களுக்குப் பின் பூத்த டுரியான், மூன்று நான்கு மாதங்களில் முதிர்ந்து அப்போதுதான் விழத் தொடங்கும். அதிலும் சிறுபொழுதே பேசுகின்றது. பழம் பெரும்பாலும் இரவில் உதிரும். பொறுக்கிய பழங்களைப் பூர்வகுடி மக்கள் காலையில் சாலையோரத்தில் அடுக்கி வைப்பர். நண்பகலுக்குமேல் வருவோருக்கு நல்லவை எஞ்சியிரா.