பச்சை மீனும் பித்தநாளப் புற்றுநோயும்

நம் அண்டை நாடான தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் எனும் பகுதி உள்ளது. ‘கோய் பிளா’ அங்குள்ள கிராம மக்கள் விரும்பி உண்ணும் உணவு. ஆற்றிலும் குளத்திலும் பிடித்த மீன்களைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் மூலிகை இலைகளும் சேர்த்துப் பிசைவார்கள். அடுப்பே தேவையில்லை. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அம்மீன்களின் சதையில் ‘ஓபிஸ்தோர்க்கிஸ் விவெரினி’ எனும் கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்புழுக்கள் நுண்ணிய உறைகளுக்குள் ஒடுங்கியிருக்கும். எலுமிச்சைச் சாறு மீனை வெந்ததுபோல் வெளுக்கச் செய்யுமே தவிர, இவற்றைக் கொல்லாது. மனிதக் குடலில் உறை கரைந்ததும் புழு பித்தநாளத்துக்குள் ஏறிக் குடியேறுகிறது. அங்கே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்கு வளர்ந்து, பல ஆண்டுகள் வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தின்வழி வெளியேறி நீர்நிலையை அடைந்தால், நன்னீர் நத்தைகள் அவற்றை விழுங்குகின்றன. நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் மீண்டும் மீனுக்குள் புகுகின்றன.

தொற்றியவர்களுள் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆனால், பித்தநாளச் சுவர் ஆண்டுக்கணக்கில் புண்பட்டு, வீங்கி, தடிக்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் அங்கே புற்றுநோய் தோன்றக்கூடும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இல் இப்புழுவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. சீனாவிலும் கொரியாவிலும் காணப்படும் ‘குளோனோர்க்கிஸ் சினென்சிஸ்’ எனும் இனப்புழு 2009இல் அதே பிரிவில் இடம்பெற்றது. உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிகுந்த பகுதியாக ஈசான் அறியப்படுகிறது.

மஞ்சள் காமாலை தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். கோன்கேன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் நரோங் குந்திகேவ் தம் பெற்றோர் இருவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அவரும் சக மருத்துவர்களும் கிராமங்களுக்குச் சென்று மக்களுக்கு ஸ்கேன் பரிசோதனை செய்ததோடு, பச்சை மீனைக் கைவிடுமாறும் எடுத்துரைத்தனர். பழகிய நாக்கை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை.

‘பிராசிகுவான்டெல்’ மாத்திரை புழுவைக் கொல்லும். ஆயினும், மறுபடியும் தொற்றுவதை அது தடுக்காது. “மாத்திரைதான் இருக்கிறதே” என்ற துணிவில் மீண்டும் பச்சை மீன் உண்பவருக்குப் பித்தநாளம் மீண்டும் மீண்டும் புண்படுகிறது.

நண்பர்களே, விடுமுறையில் எல்லை தாண்டிச் சுற்றுலா செல்லும்போது புதிய உணவுகளைச் சுவைப்பதில் தவறில்லை. ஆற்று மீனாக இருந்தால், நன்றாக வெந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய நோயை இன்றைய அடுப்பே தடுத்துவிடும்.