மூச்சுவிடும் சுவர்கள்

கிண்டியிலிருந்து தாம்பரம் செல்லும் பெருஞ்சாலையில் பறங்கிமலையும் பல்லாவரமும் நொடியில் கடந்துபோகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் படைகள் தங்கியிருந்த நிலம் அது. மலையடிவாரத்துக் காரிசன் ஆலயமும், மரநிழலில் எஞ்சி நிற்கும் அகன்ற தாழ்வாரத்து வீடுகளும் அக்காலத்தின் சான்றுகள்.

இங்குள்ள பாறைக்கே ஒரு வரலாறு உண்டு. நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான கருநீலக் கல் அது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லும் இதே இனம். ஆகவே 1893இல் நிலவியலறிஞர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சார்னோகைட்டு என்று பெயரிட்டார்.

ஆயினும் அப்பழைய வீடுகளில் என் உள்ளத்தைக் கவர்ந்தது கல்லன்று, காரை. கடற்கிளிஞ்சலைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். எஞ்சுவதன்மேல் நீர் ஊற்றினால் அது சீறிக் கொதித்து நீறும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசியபின், இழந்த வாயுவைக் காற்றிலிருந்தே மெல்லமெல்ல மீட்டு, மீண்டும் கல்லாக இறுகும். கிளிஞ்சல் கல்லாகவே திரும்பிவிடுகிறது!

கூரையின் திறம் இன்னும் வியப்பூட்டும். மெட்ராஸ் ஒட்டு என்பது அதன் பெயர். தேக்குச் சட்டங்களின்மேல், 15 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. தடிப்புமுள்ள சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகக் காரையில் ஒட்டிக்கொண்டே போவர். அடியில் பலகை முட்டு வேண்டியதில்லை. அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவர். தட்டத்தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாகக் கரையச் செய்யும்; அக்கரைசல் சல்லியின் நுண்ணிய இடுக்குகளிலும் புகுந்து இறுகும். இறுதியில் தட்டோடு பதிப்பர். நம் கொத்தனார்களின் கைப்பழக்கத்தில் இத்துணை வேதியியல் இருந்தது.

இக்கட்டடங்களுக்கு இன்று பெருங்கேடு செய்வது மழையன்று, அறியாமையோடு பூசப்படும் சிமெண்டு. நிலத்து ஈரம் செங்கலில் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் வழியே அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னே படிகமாகிப் பருத்துச் செங்கலை உடைக்கும். இப்பகுதிப் பழைய தாழ்வாரம் ஒன்றில், சிமெண்டு ஒட்டுப்போட்ட தூணைத் தொட்டுப் பார்த்தேன். செந்தூள் விரலோடு வந்தது. பக்கத்தில் பழைய காரை பூசிய தூண் நகத்துக்கும் அசையவில்லை.

பழைய வீட்டையோ கோயிலையோ பழுதுபார்க்க முனைவோரே, சிமெண்டு மூட்டையை வாயிலிலேயே நிறுத்துங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரை முதலில் அழைத்து வாருங்கள்.